ஒரு பல் வரைந்த எல்லை: சீனப் புவியறிவியல் பல்கலைக்கழகமும் மெய்ஷான் பாறையும்

1949இல் சீனா முழுக்கத் தேடினாலும் நிலவியலாளர்கள் சில நூறு பேர்தான் தேறியிருப்பார்கள். தொழிற்சாலைகளுக்கோ இரும்பும் நிலக்கரியும் எண்ணெயும் உடனே வேண்டும். அதனால் 1952இல் பீக்கிங், சிங்குவா, தியான்ஜின் பல்கலைக்கழகங்களிலும் தாங்ஷான் ரயில்வே கல்லூரியிலும் இருந்த நிலவியல் துறைகளை ஒன்றுசேர்த்து, பெய்ஜிங் நிலவியல் கல்லூரியைத் தொடங்கினார்கள். பண்பாட்டுப் புரட்சியின்போது அது தலைநகரை விட்டு ஹூபெய் மாகாணத்துக்குப் போய், 1975இல் வூகானில் நிலைகொண்டது. பெய்ஜிங்கின் பழைய வளாகத்தில் முதுநிலைப் பிரிவு 1978இல் உயிர்பெற்றது. சீனப் புவியறிவியல் பல்கலைக்கழகம் என்ற பெயர் 1987இல் வந்தது.

இத்தனை அலைச்சலிலும் பாறை அடுக்குகளை வாசிக்கும் வேலை நிற்கவில்லை. அதன் ஆகச் சிறந்த விளைச்சல் செஜியாங் மாகாணத்தின் மெய்ஷானில் இருக்கிறது. புவி வரலாற்றில் பெர்மியன் என்ற காலம் முடிந்து டிரையாசிக் என்ற அடுத்த காலம் தொடங்கிய இடத்தை உலகத்துக்கே குறித்துக் கொடுத்தது அந்தப் பாறை.

முன்பு அந்த எல்லைக்கு அடையாளம் ஓட்டோசெராஸ் என்ற அம்மோனைட், அதாவது சுருள் ஓடு கொண்ட கடலுயிரியின் புதைபடிவம். இமயமலை, ஆர்க்டிக் போன்ற சில பகுதிகளில் மட்டுமே கிடைத்ததால், மற்ற நாட்டுப் பாறைகளோடு ஒப்பிட அது உதவவில்லை. வூகான் பேராசிரியர் யின் ஹோங்ஃபூ 1986இல் மாற்று சொன்னார். ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனோடோன்ட் எந்த அடுக்கில் முதலில் தோன்றுகிறதோ, அங்கிருந்து டிரையாசிக். கோனோடோன்ட், விலாங்கு போன்ற உடல் கொண்ட கடலுயிரி. எஞ்சுவது பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவுப் பற்களே.

அந்தப் பல்லைப் பிரிப்பதில்தான் பொறுமை வேண்டும். சுண்ணாம்புப் பாறையைச் சில்லுகளாக உடைத்து, சுமார் 10 சதவீத அசிட்டிக் அமிலத்தில் ஊறப்போடுவார்கள். சுண்ணாம்பு கரையும்; கால்சியம் பாஸ்பேட்டாலான பல் தங்கும். அவசரப்பட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பல்லும் போய்விடும். அசிட்டிக் அமிலமே ஆனாலும், கால்சியம் அசிடேட் கலந்து கடுமையைத் தணிக்காவிட்டால் பல்லின் மேற்பரப்பு அரிபடும். பிறகு சல்லடை, உலர்த்தல், அடர்திரவம். லிட்டருக்கு ஏறத்தாழ 2.8 கிலோ எடையுள்ள திரவத்தில் குவார்ட்ஸ் மிதக்க, பற்கள் அடியில் தங்கும். நுண்ணோக்கியின் கீழே ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். சல்லடைக் கண்ணில் முந்தைய மாதிரியின் ஒரு பல் ஒட்டியிருந்தால் போதும், எல்லையே தவறான அடுக்குக்கு இறங்கிவிடும். சல்லடையை மெத்திலீன் நீலத்தில் நனைத்துவிட்டால் பழைய துகள் நீலமாகக் காட்டிக்கொடுக்கும்.

மெய்ஷான் அடுக்குகளுக்குக் கீழிருந்து மேலாக எண் இட்டிருக்கிறார்கள்; அந்தப் பல் முதலில் தென்படுவது 27சி அடுக்கின் அடிப்பகுதியில். 2001இல் சர்வதேச நிலவியல் அமைப்பு அதை ஏற்றது. 25ஆம் அடுக்கிலும் 28ஆம் அடுக்கிலும் உள்ள எரிமலைச் சாம்பலின் சிர்க்கான் என்ற கனிமப் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்ததில், எல்லையின் வயது சுமார் 25.19 கோடி ஆண்டுகள் என்று தெரிந்தது.

பலர் இந்த எல்லையையும் பெர்மியன் முடிவில் நடந்த மாபெரும் உயிரினப் பேரழிவையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். உயிரினங்கள் கொத்துக் கொத்தாக மறையத் தொடங்குவது 25ஆம் அடுக்கை ஒட்டியே. எல்லை அதற்குச் சில அங்குலங்கள் மேலே இருக்கிறது.