கொர்ராலிட்டோ: பணத்தைப் பட்டியில் அடைத்த சொல்

கொர்ராலிட்டோ ஸ்பானிய மொழிச் சொல். கொர்ரால் என்பது ஆடுமாடுகளை அடைக்கும் பட்டி. இட்டோ சிறுமையைக் குறிக்கும் விகுதி. எனவே நேர்ப்பொருள் ‘சின்னப் பட்டி’. ஆனால் அர்ஜென்டினாவின் வீடுகளில் இச்சொல் குறிப்பது தவழும் குழந்தையை விடும் விளையாட்டுக் கூண்டை. குழந்தை அதற்குள் விருப்பம்போல் நகரலாம், வெளியே உள்ளதைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். தடுப்பைத் தாண்டத்தான் முடியாது.

2001 டிசம்பர் 1 அன்று பொருளாதார அமைச்சர் டொமிங்கோ கவல்லோ, வங்கிக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கமாக எடுக்க முடியாது என்று அறிவித்தார். 1991 முதல் ஒரு பெசோ ஒரு டாலருக்குச் சமம் எனச் சட்டமே உறுதி கூறியிருந்தது. அந்த உறுதி நிலைக்காது என்று அஞ்சியவர்கள் சேமிப்பை வெளியே எடுக்க முண்டியடித்ததன் விளைவு இது. ஆணைக்குக் கொர்ராலிட்டோ என்ற பெயரைச் சூட்டியவர் பத்திரிகையாளர் அன்டோனியோ லாஹே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

பெயர் பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. பணம் அசையாமல் கட்டப்படவில்லை. காசோலையாலும் பற்று அட்டையாலும் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு அதை மாற்ற முடிந்தது. வங்கி அமைப்பை விட்டு ரொக்கமாக வெளியேறுவதற்குத்தான் தடை. தாளில் படிக்கும்போது இது சிறிய இடைஞ்சலாகவே தோன்றும். ஆனால் அட்டை தேய்க்கும் கருவி பல கடைகளில் இல்லை. வீட்டுவேலை செய்பவருக்கும் தெருவில் விற்பவருக்கும் அன்றாடம் கைக்கு வந்தது ரொக்கக் கூலிதான். கணக்கு வைத்திருந்தவரின் கையில் நோட்டு வறண்டதும், கணக்கே இல்லாதவரின் பிழைப்பு முதலில் நின்றது. பொருளைக் கொடுத்துப் பொருளை வாங்கும் பண்டமாற்றுச் சங்கங்களில் கூட்டம் பெருகியது. புவெனஸ் அய்ரஸ் மாகாண அரசு தன் ஊழியர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியைப் படகோன் எனப்பட்ட கடன்பத்திரங்களாகக் கொடுக்க, அவை கடைகளில் நோட்டுப் போலவே கைமாறின.

டிசம்பர் 19 இரவு, அதிபர் ஃபெர்னாண்டோ டெ லா ரூவா தொலைக்காட்சியில் நெருக்கடி நிலையை அறிவித்ததும், தலைநகரின் நடுத்தர வர்க்கத்தினர் சட்டியையும் கரண்டியையும் தட்டிக்கொண்டே தெருவில் இறங்கினர். இதற்குக் கசெரொலாசோ என்று பெயர்: கசெரொலா என்றால் சமையல் சட்டி, ஆசோ என்பது அடியைக் குறிக்கும் விகுதி, ‘சட்டியடி’ என்று தயங்காமல் சொல்லலாம். ‘எல்லாரும் தொலைந்து போங்கள்’ என்பதே அவர்களின் முழக்கம். எந்த ஒரு கட்சியையும் அது விட்டுவைக்கவில்லை. மறுநாள் டெ லா ரூவா பதவி விலகி, அரசு மாளிகையின் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் வெளியேறினார். அந்த நாள்களின் வன்முறையில் 39 பேர் இறந்தனர்.

அதன்பின் பிறந்த சொல் கொர்ராலோன், அதாவது பெரிய பட்டி. 2002 தொடக்கத்தில் தவணை வைப்புகளைத் திருப்பித் தரும் நாளை அரசு தள்ளிவைத்தது. டாலர் வைப்புகளையும் ஒரு டாலருக்கு 1.40 பெசோ என்று மாற்றிவிட்டது. அந்த ஆண்டின் நடுவில் சந்தையில் டாலர் 4 பெசோவை நெருங்கியதால், சேமித்தவர் எவ்வளவு இழந்தார் என்பதை அவரே கணக்குப் போட முடிந்தது. வங்கிகளின் முகப்பை மூடிய உலோகத் தகடுகளில் அவர்கள் சுத்தியலால் அடித்த அடி பல மாதங்கள் ஓயவில்லை.

தமிழில் இவ்விரண்டையும் ‘வைப்பு முடக்கம்’ என்று ஒரே சொல்லால் எழுதுவதை ஏற்க இயலவில்லை. முடங்கியது அசையாது, கொர்ராலோனுக்கு முடக்கம் சரியாகப் பொருந்தும். கொர்ராலிட்டோவில் பணம் உள்ளே அசைந்துகொண்டே இருந்தது. ஆகவே அதற்குப் ‘பணப்பட்டி’ என்பதே என் பரிந்துரை. வினையாகப் ‘பட்டியில் அடைத்தல்’ ஏற்கெனவே நம் பேச்சில் உள்ளது. கொண்டித்தொழு என்ற பழைய சொல்லும் ஆசை காட்டுகிறது. பிடிபட்ட மாடுகளை அடைக்கும் தொழு அது. கொண்டி என்பதற்குக் கொள்ளை என்ற பொருளும் இருப்பதால், சேமிப்பைப் பறிகொடுத்தவரின் கோபமும் அதற்குள் அடங்கிவிடும். ஆயினும் இன்று அகராதியைப் புரட்டாமல் அது யாருக்கும் விளங்காது, செய்திக்கு உதவாது.

பணப்பட்டி என்ற சொல்லை வேறு நாடுகளுக்கு ஆளும்போது சற்றுக் கவனம் வேண்டும். 2015இல் கிரேக்கம் நாளொன்றுக்கு 60 யூரோ என்று வரம்பு விதித்தபோது உள்நாட்டில் அட்டைகள் இயங்கின, அது பணப்பட்டியே. 2013இல் சைப்ரஸிலும் ரொக்கத்துக்கு வரம்பு இருந்தது, ஆனால் அங்கே இரண்டு பெரிய வங்கிகளில் 1,00,000 யூரோவுக்கு மேற்பட்ட வைப்புகளிலேயே அரசு கைவைத்தது; அதை ‘வைப்பு வெட்டு’ என்று தனியே சொல்ல வேண்டும். லெபனானில் 2019 இறுதி முதல் வங்கிகள் தாமாகவே டாலரைத் தர மறுத்தன. பட்டி அங்கேயும் இருந்தது, அதை அடைக்கச் சொன்ன சட்டம்தான் இல்லை.