நெக்ரோனியில் ஏது திருப்பம்?

போன வாரம், நெக்ரோனி என்ற இத்தாலிய மதுக்கலவையைப் பற்றிய ஒரு பானக் குறிப்பின் தமிழ் மொழிபெயர்ப்பு திருத்தத்துக்காக என்னிடம் வந்தது. முதல் வரி: 'கிளாசிக் நெக்ரோனிக்கு ஒரு நவீன திருப்பம்.' கடைசி வரி: 'ஒரு ஆரஞ்சு திருப்பத்துடன் பரிமாறவும்.' முதல் வரியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இட்லிக்கு நவீன திருப்பம், பட்டுப்புடவைக்கு நவீன திருப்பம் என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. ஆனால் ஆரஞ்சுத் திருப்பம்? எந்த ரோட்டில் இருக்கிறது அது?

இரண்டு இடத்திலும் மூலத்தில் இருந்த சொல் ட்விஸ்ட். இரண்டு என்ற எண்ணுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லோடு வேர் உறவு உடையது. இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு என்பது பழைய பொருள். நாம் முப்புரி நூல் என்னும்போது வரும் 'புரி' மாதிரி. அதிலிருந்து முறுக்குதல், வளைத்தல், கதை எதிர்பாராமல் திசைமாறுதல் என்று கிளைத்து, பழைய ஒன்றைச் சற்று மாற்றிச் செய்தது என்ற பொருளுக்கும் வந்து சேர்ந்தது. மது கலக்கும் இடத்தில் அதற்கு இரண்டு வேலை. ஒன்று, பழத்தோலைச் சீவி முறுக்கிப் போடுவது. இன்னொன்று, பழைய பானத்தின் மாற்று வடிவம். சொல் வரலாறு இவ்வளவு போதும்.

தமிழில் திருப்பம் என்றால் அதற்கு ஒரு பாதை வேண்டும், அல்லது ஒரு கதை வேண்டும். 'கொலை வழக்கில் திடீர் திருப்பம்', 'மலைப்பாதையில் ஆபத்தான திருப்பம்', 'அவர் வாழ்க்கையில் ஏற்பட்ட திருப்பம்.' போய்க்கொண்டிருந்தது வேறு பக்கம் போகிறது. கண்ணாடிக் கோப்பைக்குள் என்ன போய்க்கொண்டிருக்கிறது?

நெக்ரோனியையே எடுத்துக்கொள்வோம். ஜின், கம்பாரி என்ற சிவப்புக் கசப்பு மது, மூலிகை சேர்த்த ஒயினான இனிப்பு வெர்மூத் மூன்றும் சம பங்கு. 1919 வாக்கில் பிளாரன்ஸ் நகரத்தில் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, தான் வழக்கமாகக் குடிக்கும் அமெரிக்கானோவில் (கம்பாரி, வெர்மூத், சோடா சேர்ந்த பானம்) சோடாவுக்குப் பதில் ஜின்னை ஊற்றச் சொன்னார் என்று கதை. ஆக, இந்தக் 'கிளாசிக்' பானமே இன்னொன்றை மாற்றிச் செய்ததுதான். 2001இல் வெய்ன் காலின்ஸ் என்ற ஆங்கிலேய பார்டெண்டர், பிரான்சின் போர்தோவில் நடந்த விநெக்ஸ்போ மதுக் கண்காட்சிக்குப் போன இடத்தில், அந்த நாட்டுப் பாட்டில்களை வைத்தே ஒரு நெக்ரோனி செய்து பார்த்தார். கம்பாரியின் இடத்தில் சூஸ், வெர்மூத்தின் இடத்தில் லிலே பிளாங்க் என்ற ஒயின் வகைப் பானம். ஜின் அப்படியே. அதுதான் வெள்ளை நெக்ரோனி. என் கைக்கு வந்த குறிப்பு இதைப் பற்றியதுதான்.

ஒருமுறை குடித்துப் பார்த்திருக்கிறேன். வெள்ளை என்பது பேருக்குத்தான். வெளிறிய வைக்கோல் நிறம். சூஸ் என்பது ஜென்ஷியன் என்ற மலைச்செடியின் வேரில் செய்யும் மஞ்சள் மது. மண் வாசனையோடு ஒரு கசப்பு. கம்பாரியின் கசப்பு உடனே நாக்கில் ஏறும். இது விழுங்கிய பிறகு தொண்டையில் நிற்கிறது, நிலவேம்புக் கஷாயம் குடித்த மாதிரி. ஆனால் குடிக்கிறவருக்கு இது நெக்ரோனியின் உறவுக்காரன் என்று உடனே தெரிந்துவிடும். ஜின் ஒன்று, கசப்பு ஒன்று, இனிப்பு ஒன்று என்ற சட்டகம் கலையவில்லை. இதில் எது திரும்பியது?

சரி, திருப்பம் வேண்டாம், வேறென்ன என்று கேட்டபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் நண்பர் யோசிக்காமல் 'திரிபு' என்றார். "நன்னூல்லயே இருக்கேய்யா. தோன்றல், திரிதல், கெடுதல். பொன்னும் குடமும் சேர்ந்தா பொற்குடம். ஒரு எழுத்து போன இடத்துல இன்னொண்ணு வந்து உக்காருது. கம்பாரி போன இடத்துல உங்க சூஸ் உக்காந்த மாதிரி."

நேர்த்தியான வாதம். அன்று இரவு முழுக்க அதை மறுக்க முடியாமல் புரண்டேன். வேர்ப்பொருள்கூடப் பொருந்துகிறது, திரித்தல் என்றால் முறுக்குதல்தானே, விளக்குத் திரி அப்படி வந்ததுதானே. அகராதியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் திரிபு ஜெயித்துவிடும்.

மறுநாள் காலையில் அடுப்படியில்தான் பதில் கிடைத்தது. பால் திரிந்திருந்தது. குடிக்கிற பொருளுக்குப் பக்கத்தில் 'திரிபு' என்ற சொல்லை வைத்தால் தமிழ் நாக்கு அதைக் கெட்டுப்போனது என்றுதான் எடுத்துக்கொள்ளும். நெக்ரோனியின் திரிபு என்று எழுதினால், பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டார்கள் போல என்று வாசகர் நினைப்பார். போதாததற்கு கொரோனா காலம் வேறு அந்தச் சொல்லைக் கெடுத்துவைத்திருக்கிறது. 'டெல்டா திரிபு', 'ஒமைக்ரான் திரிபு' என்று இரண்டு வருஷம் செய்தியில் கேட்ட காதுக்கு, 'நெக்ரோனியின் நவீன திரிபு' என்றால் முகக்கவசத்தைத் தேடத் தோன்றும். தவிர, 'உண்மையைத் திரித்துச் சொன்னார்' என்பதில் இருக்கும் வஞ்சகமும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இலக்கணத்தில் பழியில்லாத சொல் புழக்கத்தில் பழி சுமந்தால் என்ன செய்வது? நண்பரிடம் சொன்னேன். "சொல் மேல தப்பில்ல, ஜனங்க மேலதான் தப்பு" என்றார். ஜனங்களுக்காகத்தான் ஐயா எழுதுகிறோம்.

இசை தெரிந்த இன்னொருவர் 'சங்கதி' என்றார். உண்மையில் அழகான ஒப்புமை. அதே வரி, அதே தாளம். பாடுகிறவர் வேறு வழியாகப் போய்விட்டு வருவார். ஆனால் 'நெக்ரோனி சங்கதி தெரியுமா?' என்று எழுதினால் வம்புச் செய்தி போல ஆகிவிடும்.

என் சொல் பக்குவம். மாற்றுப் பக்குவம், அல்லது புதுப் பக்குவம். 'அம்மா பக்குவம் வேற, அத்தை பக்குவம் வேற' என்று மீன் குழம்பைப் பற்றி நாம் பேசுவதில்லையா? குழம்பு ஒன்றுதான், புளி, காரம், இறக்கும் பதம், செய்கிறவர் கை எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். வெள்ளை நெக்ரோனி, வெய்ன் காலின்ஸ் பக்குவம். பக்குவம் வடசொல் என்று நண்பர் எதிர்பார்த்தபடியே சொன்னார். செய்முறை போடு என்றார். போடலாம், குற்றமில்லை. ஆனால் செய்முறை என்றவுடன் பள்ளிக்கூட ஆய்வகத்து நெடி வருகிறது எனக்கு. பல இடங்களில் பெயர்ச்சொல்லே வேண்டியதில்லை: 'நெக்ரோனியைக் கொஞ்சம் மாற்றிச் செய்தது.' தமிழ் வினையில் சொல்ல விரும்புகிற மொழி. மொழிபெயர்ப்பாளர்கள்தான் பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல் தேடி அலைகிறார்கள்.

திருப்பத்துக்கு ஒரே ஒரு இடத்தில் விட்டுக்கொடுப்பேன். 1972இல் மிலான் நகரத்து பார் பாஸோவில் மிர்கோ ஸ்டோக்கெட்டோ நெக்ரோனி கலக்கும்போது ஜின்னுக்குப் பதில் நுரைக்கும் ஒயினை ஊற்றிவிட்டார் என்பார்கள். அந்தப் பானத்துக்கு நெக்ரோனி ஸ்பாலியாத்தோ என்றே பெயர் நின்றுவிட்டது. இத்தாலிய மொழியில் 'தப்பாகிப்போனது' என்று பொருள். அந்தக் கதையில் திருப்பம் இருக்கிறது. அப்போதும் கதையில்தான், கோப்பையில் இல்லை.

அதே குறிப்பில் 'உலர்ந்த ஜின்' என்றும் இருந்தது. ஈரத்துணியா, உலர்வதற்கு? டிரை என்றால் இந்த இடத்தில் இனிப்பில்லாதது. லண்டன் டிரை ஜின் என்பது ஒரு தயாரிப்பு முறையின் பெயர், லண்டனில் செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாம். காய்ச்சி வடித்த மதுவுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ஸ்பிரிட்டை 'ஆவி' ஆக்கியதையும் பார்த்தேன். 'இரண்டு அவுன்ஸ் ஆவி சேர்க்கவும்.' அமாவாசையன்று சேர்க்க வேண்டுமோ என்னவோ. சொல்லைப் பார்க்கிறார்கள், கோப்பையைப் பார்ப்பதில்லை. ஒரு தடவை யாராவது அந்தப் பானத்தைக் கலப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் இதில் பாதிப் பிழை வந்திருக்காது.

ஆரஞ்சுத் திருப்பத்துக்கு வருகிறேன். வெள்ளைச் சதை ஒட்டாமல் தோலை மட்டும் விரல் நீளத்துக்குச் சீவி, கோப்பைக்கு மேலே பிடித்து, வெளிப்பக்கம் கீழே பார்க்கும்படி மடக்கி முறுக்குவார்கள். தோலின் எண்ணெய் பொடித் தூறலாகப் பானத்தின்மேல் விழும். உற்றுப் பார்த்தால் பளபளவென்று மிதப்பது தெரியும். அப்புறம் தோலை உள்ளே போடுவார்கள். இதற்கு 'முறுக்கு' என்று ஒருவர் யோசனை சொன்னார். ஜின்னுக்குத் தொட்டுக்கொள்ள நன்றாகத்தான் இருக்கும். நான் குறிப்பில் இப்படித் திருத்தினேன்: 'ஆரஞ்சுத் தோலைக் கோப்பைக்கு மேல் முறுக்கிப் பிழிந்து, உள்ளே போடவும்.'