எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாமல் சூடாக்காதீர்கள்

நாம் செய்த சர்க்யூட் போர்டுக்குப் பொருந்துகிற பெட்டி கடையில் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் சாக்கெட் வருகிற இடத்தில் துளை இருக்காது. அதனால் வீட்டிலேயே பிளாஸ்டிக்கை இளக்கி, மரக்கட்டை அச்சின் மேல் படியவைத்துப் பெட்டி செய்துகொள்கிறார்கள். மாதிரிக் கருவிகளுக்கு நானும் இப்படித்தான் செய்கிறேன்.

போன வருடம் ஒரு தம்பி தான் செய்த பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். பிவிசி பைப்பை நீளவாக்கில் அறுத்து, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடாக்கித் தட்டையாக்கி மடித்திருந்தார். மூலைகள் அருமையாக வந்திருந்தன. ஒரு மடிப்பில் மட்டும் தேன் நிறத்தில் விரல்நுனி அளவு கறை. “அந்த இடம் வளையவே இல்லை சார், கொஞ்சம் கூடுதலாகச் சூடு காட்டினேன். ராத்திரி முழுக்க இருமல்” என்றார். ஜன்னல் சாத்திய சின்ன அறையில் செய்திருக்கிறார்.

அந்தக் கறை, பிளாஸ்டிக் சிதைந்ததற்கான அடையாளம். பிவிசி 80 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளக ஆரம்பித்துவிடும். ஹீட் கன்னிலிருந்தோ 500 டிகிரிக்கு மேல்கூடக் காற்று வரும். ஒரே இடத்தில் நிறுத்தினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். கண், மூக்கு, தொண்டையின் ஈரத்தில் அது கரைந்து அமிலமாகிறது. பக்கத்தில் கிடக்கும் இரும்புக் கருவிகளையும் போர்டின் செம்பையும்கூட அரிக்கும். மூச்சுத் திணறினாலோ இருமல் நிற்காவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

முக்கோணத்துக்குள் 3 என்று இருந்தால் அது பிவிசி. எண்ணே இல்லையா? ஒரு சின்னத் துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். நுரை போல் இல்லாத கெட்டித் துண்டு மிதந்தால் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரோப்பிலீன். மூழ்கினால் பிவிசியாக இருக்கலாம், ஏபிஎஸ் என்ற இன்னொரு கெட்டிப் பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். சந்தேகம் தீராத துண்டை நான் ஒதுக்கிவிடுவேன்.

பெயர் கேட்டு வாங்கிய ஏபிஎஸ் அல்லது அக்ரிலிக் தகடுதான் என் தேர்வு. அக்ரிலிக்கை 150, 160 டிகிரி வரை பொறுமையாகச் சூடாக்கினால் தானாகத் தொய்யும். அவசரப்பட்டு மடித்தால் விரிசல் விடும். இவற்றிலிருந்தும் எரிச்சலூட்டும் ஆவி வரும். அதனால் காற்றோட்டமான வெளியில்தான் வேலை. சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவன் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், பெட்டிக்குள் என்ன போகிறது என்று பாருங்கள். 5 வோல்ட் சென்சார் என்றால் சரி. வீட்டு மின்சாரம் நேரடியாக வரும் போர்டு என்றால் கதையே வேறு. சாதாரண ஏபிஎஸ், அக்ரிலிக், பாலிஎத்திலீன் எல்லாமே எரியும். பாலிஎத்திலீன் மெழுகுபோல உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். பிவிசி எளிதில் பற்றாது, ஆனால் வயரை இணைக்கும் டெர்மினல் லூஸாகிச் சூடானால் தளர்ந்துவிடும். அச்சில் இழுபட்ட மூலைகளோ பாதி கனம்கூட இருக்காது. இதற்கென்று யுஎல் 94 வி-0 தரத்தில், அதாவது தீப்பிடித்தாலும் சில விநாடிகளில் தானாக அணைந்துவிடும் பிளாஸ்டிக்கில், தீத்தடுப்புப் பெட்டிகள் விற்கிறார்கள்.

அந்தத் தம்பியின் பெட்டிக்குள் இருந்தது வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டாரை இயக்கும் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். அதைக் கழற்றி வி-0 பெட்டிக்கு மாற்றினோம். டிஸ்ப்ளேவுக்கு மட்டும் அக்ரிலிக்கில் புதிதாக ஒன்றை, வாசலுக்கு வெளியே வைத்து, அவரே வளைத்தார்.