ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: பந்தயக் குதிரையின் மேலறை இழைநடுக்கம்

சொல்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.
பொருள்: இதயத்தின் மேலறைத் தசைகள் ஒருசேரச் சுருங்காமல், இழை இழையாகத் தனித்தனியே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை.
தமிழில்: மேலறை இழைநடுக்கம்.

வயதானவர்களின் மருத்துவ அறிக்கையில் 'ஏ.எஃப்.' என்ற சுருக்கமாகத்தான் இந்தப் பெயரைப் பெரும்பாலோர் பார்த்திருப்போம். ஆனால் நாலைந்து வயதில், உடம்பில் ஒரு குறையும் தெரியாமல் ஓடும் பந்தயக் குதிரைக்கும் இது வரும். தரோபிரெட் என்னும் பந்தய இனக் குதிரைகளின் ஓட்டத்தைக் கெடுக்கும் துடிப்புக் கோளாறுகளில் அதிகம் காணப்படுவதே இதுதான்.

ஏட்ரியம் என்பது லத்தீன் சொல். பழைய ரோமானிய வீட்டின் நடுவில் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் கூடத்துக்கு அந்தப் பெயர். மழைநீர் விழ நடுவில் ஒரு தொட்டி இருக்கும், சுற்றிலும் அறைகள் திறக்கும். செட்டிநாட்டு வீடுகளின் வளவைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். உடலில் ஓடி முடித்த ரத்தம் முதலில் வந்து சேரும் இடம் என்பதால் இதயத்தின் மேலறைக்கு உடற்கூற்றியலார் இந்தப் பெயரை வைத்தார்கள். அதற்காக 'முற்ற நடுக்கம்' என்று மொழிபெயர்த்தால் சிரிப்பார்கள்.

இதே அறைக்கு ஆரிக்கிள் என்று இன்னொரு பெயரும் உண்டு. அதற்கு லத்தீனில் 'சின்னக் காது' என்று பொருள். மேலறையின் ஓரத்தில் காது மடல் போல ஒரு சதைப்பை தொங்குவதால் வந்த பெயர் இது. இலங்கைப் பாடநூல்களில் வரும் 'சோணையறை' இதை அப்படியே பிடித்த சொல். காதுச்சோணை என்பது அங்கே வீட்டில் புழங்கும் பேச்சு. தமிழ்நாட்டுப் பள்ளி நூல்கள் ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள் என்றே எழுதிப் பழகிவிட்டன. சோணையறை எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் இன்றைய மருத்துவத்தில் ஆரிக்கிள் என்பது அந்தத் தொங்கும் மடலை மட்டும் குறிக்கச் சுருங்கிவிட்டதால், முழு அறைக்கு 'மேலறை' என்பதே குழப்பமில்லாதது. இன்னொரு காரணமும் உண்டு. மனித உடலில் இதயம் சாய்ந்து கிடப்பதால் இடது மேலறை உண்மையில் பின்பக்கம்தான் இருக்கிறது. நான்கு காலில் நிற்கும் குதிரைக்கோ இதயத்தின் கூர்முனை நெஞ்செலும்பை நோக்கிக் கீழே இறங்கியிருக்கும், மேலறைகள் மேலே இருக்கும். மேலறை என்ற சொல் மனிதனைவிடக் குதிரைக்குத்தான் பொருத்தம்.

ஃபிப்ரிலேஷனுக்கு வேர் 'ஃபிப்ரா', அதாவது இழை. 1874-ல் பிரெஞ்சு உடலியலாளர் வுல்ப்பியான், இதயத் தசை ஒன்றாகத் துடிக்காமல் இழைகளாக அதிர்வதை 'இழைசார் அசைவு' என்ற பொருளில் குறித்தார். அங்கிருந்துதான் இந்த மருத்துவச் சொல் பரவியது. மாட்டின் மேலோ குதிரையின் மேலோ ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் விதிர்விதிர்க்கும். கால் நகராது, உடம்பு நகராது. மேலறை இப்படித்தான் ஓயாமல் விதிர்க்கிறது, ஆனால் ரத்தத்தைத் தள்ளுவதில்லை. இதை வெறும் 'நடுக்கம்' என்றால் கை நடுக்கம், குளிர் நடுக்கம் எல்லாம் நினைவுக்கு வரும். 'படபடப்பு' என்பது நோயாளி உணர்ந்து சொல்வது, குதிரை அதைச் சொல்லப்போவதில்லை. 'நார்நடுக்கம்' என்றும் எழுதுகிறார்கள். நார் என்றதும் மூட்டுத் தசைநார் பக்கம் எண்ணம் போய்விடுகிறது. அதனால் என் வாக்கு இழைநடுக்கத்துக்கு.

இந்தச் சொல்லின் வரலாற்றில் குதிரைக்கே ஒரு பங்கு இருக்கிறது. மனிதர்களில் சிலரின் நாடி எந்தக் கணக்குக்கும் அடங்காமல் தாறுமாறாகத் துடிப்பதற்கு மேலறையின் இழைநடுக்கமே காரணம் என்று லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1909-ல் இ.சி.ஜி. துணையோடு காட்டினார். காகிதத்தில் கோடுகள் சரி, உள்ளே நடப்பதைக் கண்ணால் யார் பார்த்தது? உயிரோடிருக்கும் நோயாளியின் மார்பைத் திறக்க முடியாத காலம் அது. ஓரிரு ஆண்டுகளில் லூயிஸ் அதே கோளாறுள்ள குதிரைகளைத் தேடிப் பிடித்து, மார்பைத் திறந்து, மேலறைகள் நடுங்குவதை நேரிலேயே பார்த்தார்.

குதிரைக்கு இது ஏன் எளிதில் வருகிறது? பதில் அதன் பெருமையிலேயே இருக்கிறது. தரோபிரெட் என்பது 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட கீழைநாட்டு ஆண் குதிரைகள் மூன்றின் வழியில், வேகத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணைசேர்க்கப்பட்ட இனம். இதன் இதயம் உடல் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு, நாலைந்து கிலோ. 1930-ல் மெல்போர்ன் கோப்பையை வென்ற ஃபார் லாப் என்ற குதிரையின் இதயம் 6.2 கிலோ, கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அமெரிக்கப் பந்தயக் குதிரை செக்ரட்டேரியட்டுக்கு 10 கிலோ இதயம் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அது தராசில் வைத்த எடையல்ல, 1989-ல் உடற்கூறாய்வு செய்த மருத்துவரின் கண் மதிப்பு. எடை எதுவானாலும் பிரம்மாண்டம் என்பதில் சந்தேகமில்லை.

லாயத்தில் சும்மா நிற்கும்போது இந்த இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறைதான் துடிக்கும். முழு வேகத்தில் அது 220-ஐத் தாண்டும், சில குதிரைகளுக்கு 240 வரை போகும். மனிதனுக்கு ஓய்வுக்கும் உச்சத்துக்கும் இடையே சுமார் மூன்று மடங்கு என்றால், இதற்கு ஆறேழு மடங்கு. நிமிடத்துக்கு 35 லிட்டர் போல அனுப்பிக்கொண்டிருந்த இதயம், ஓட்டத்தின் உச்சத்தில் 250 லிட்டருக்கு மேல் இறைக்கிறது. போதாததற்கு மண்ணீரல் சுருங்கித் தன்னிடம் சேமித்த சிவப்பணுக்களைக் கொட்டுவதால், ரத்தத்தில் அவற்றின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 60-ஐத் தாண்டிவிடும். அந்தக் கெட்டிப்பட்ட ரத்தத்தைத்தான் இதயம் தள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பெரிய இதயம் என்றால் மேலறையும் பெரிது. இழைநடுக்கம் நிலைத்து நிற்கப் பரப்பு வேண்டும். தாறுமாறாகச் சுற்றும் மின்னலைகள் ஒன்றையொன்று அணைத்துவிடாமல் ஓட இடம் வேண்டும். பூனையின் சின்ன மேலறையில் அது எளிதில் நிலைக்காது. குதிரையில் தாராளமாக இடம் இருக்கிறது. இரண்டாவது காரணம், ஓய்வில் இதயத்தை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பு. பயிற்சி பெற்ற குதிரையில் அதன் பிடி வலுவானது. அது ஒரு துடிப்புக்குப் பின் மேலறைத் தசை மீளும் நேரத்தை இடத்துக்கு இடம் வேறுபடுத்திவிடுகிறது. பந்தயம் முடிந்து வேகம் குறையும் அந்தச் சில நிமிடங்கள் குறிப்பாக ஆபத்தானவை. அட்ரினலின் இன்னும் இறங்கியிருக்காது, வேகஸ் மறுபடி பிடியை இறுக்கத் தொடங்கியிருக்கும். துடிப்புக் கோளாறுகள் பல அப்போதுதான் தலைகாட்டுகின்றன. வியர்வையிலும், நுரையீரல் ரத்தக்கசிவைக் குறைக்கக் கொடுக்கும் ஃப்யூரோசமைடு மருந்தாலும் பொட்டாசியம் இறங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது காது. இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை உள்ளே நுழைத்துக் கேட்டால், நல்ல குதிரையில் 'லப்'புக்குச் சற்று முன்னால் மெல்லிய ஒரு ஒலி கேட்கும். அது மேலறை சுருங்கும் ஒலி. சில சமயம் இரண்டு மூன்று துடிப்புக்கு ஒருமுறை ஒன்று விட்டுப்போகும். புதிதாகக் கேட்பவர் பதறுவார். அது பெரும்பாலும் வேகஸ் செய்யும் வேலை, குதிரையைக் கொஞ்சம் ஓடவிட்டால் மறைந்துவிடும். ஏ.எஃப். வந்த குதிரையில் அந்த மெல்லிய முன்னொலி இருக்காது. துடிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் எந்த ஒழுங்கும் பிடிபடாது, ஓடவிட்டாலும் சரியாகாது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குதிரை லாயத்தில் வழக்கம்போலத் தின்னும், நடக்கும். ஓய்வில் கீழறை நிரம்ப மேலறையின் உதவி பெரிதாகத் தேவையில்லை, ரத்தம் தானாகவே இறங்கிவிடும். ஒரு துடிப்புக்குச் சுமார் கால் நொடியே மிஞ்சும் வேகத்தில்தான் மேலறையின் கடைசித் தள்ளல் பெரும் வித்தியாசம் செய்கிறது. அது இல்லாததை ஈடுகட்ட இதயம் வழக்கமான உச்சத்தையும் தாண்டித் துடிக்கப் பார்க்கும். முன்னணியில் வந்த குதிரை கடைசி 400 மீட்டரில் ஆளே இல்லாததுபோலப் பின்தங்கும். ஜாக்கிக்கும் சொந்தக்காரருக்கும் காரணம் புரியாது, சில சமயம் ஜாக்கி மேல் பழியும் விழும்.

இங்கே இன்னொரு சொல்லையும் சரிசெய்ய வேண்டும். பந்தயக் குதிரை திடீரென்று இறந்தால் நம் செய்திகள் உடனே 'மாரடைப்பு' என்று எழுதிவிடும். மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் அடைபட்டுத் தசை சாவது. குதிரைகளுக்கு அப்படிக் கொழுப்புப் படிந்து குழாய் அடைபடுவது அரிது. அவற்றின் திடீர் மரணங்களில் பல, உறுதியான காரணம் அகப்படாமலேயே, துடிப்புக் கோளாறாக இருக்கலாம் என்ற ஊகத்தோடு முடிகின்றன. 2014 மெல்போர்ன் கோப்பையில் அதிகப் பேர் பணம் கட்டிய ஜப்பானியக் குதிரை அட்மயர் ராக்தி கடைசியாக வந்து, சற்று நேரத்தில் தன் கொட்டடியில் விழுந்து இறந்தது. காரணமாகச் சொல்லப்பட்டது வெண்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன், அதாவது கீழறை இழைநடுக்கம். வெண்ட்ரிக்கிள் என்றால் லத்தீனில் 'சின்ன வயிறு'. உடலுக்கு ரத்தத்தை அனுப்புவது இந்தக் கீழறைதான். அது நடுங்கத் தொடங்கினால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும், நிமிடங்களில் உயிர் போகும். மேலறை நடுங்கினால் குதிரை பந்தயத்தில் தோற்கும். எந்த அறை என்று சொல்லாமல் 'இதய நடுக்கம்' என்று எழுதினால் தோல்வியும் மரணமும் ஒன்றாகிவிடும்.

மேலறை இழைநடுக்கத்திலும் இரண்டு வகை பிரித்துச் சொல்ல வேண்டும். பந்தயத்தின்போது வந்து, ஓரிரு நாளுக்குள் தானாகவே அடங்குவதை 'வந்துபோகும்' இழைநடுக்கம் எனலாம். அதனால்தான் கால்நடை மருத்துவர்கள் உடனே மருந்தைத் தூக்காமல் முதல் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறார்கள். அடங்காததை 'நிலைத்த' இழைநடுக்கம் எனலாம், அதற்குச் சிகிச்சை வேண்டும். பழைய மருந்து குவினிடின், மூக்குவழிக் குழாயில் வயிற்றுக்குள் செலுத்துவார்கள். நீலகிரியில் நடுவட்டம் பக்கம் வெள்ளைக்காரர் காலத்தில் மலேரியாவுக்காகப் பயிரிட்ட அதே சிங்கோனா பட்டையில் கிடைப்பதுதான் இதுவும். வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, மூக்குச் சவ்வு வீக்கம் என்று பக்கவிளைவுகளுக்குக் குறைவில்லை. கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுக்கப்பட்ட இன்னொரு வழியில், கழுத்துச் சிரை வழியாக மின்முனைகளை இதயத்துக்குள் கொண்டுசென்று, மயக்கத்தில் இருக்கும் குதிரைக்கு மின்னதிர்வு கொடுத்துத் துடிப்பைச் சீராக்குகிறார்கள். நெடுநாள் நீடித்த நடுக்கமாக இருந்தால் திரும்ப வரும் வாய்ப்பும் கூடுதல்.

திரும்பி வந்து ஓடிய குதிரைகளும் உண்டு. பிரிட்டனில் தடைதாண்டும் பந்தயங்களில் ஓடிய டென்மன், 2008 மார்ச்சில் செல்ட்டனம் தங்கக் கோப்பையில், 5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டத்தில், தன் லாயத்துத் தோழனான காட்டோ ஸ்டாரை முந்தி வென்றது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அதற்கு ஏ.எஃப். இருப்பது தெரிந்தது. சிகிச்சைக்குப் பின் 2009 பிப்ரவரியில் மறுபடி களமிறங்கியபோது வெகுதூரம் பின்தங்கியது, கதை முடிந்தது என்றார்கள். மார்ச்சில் தங்கக் கோப்பையில் இரண்டாவதாக வந்தது. நவம்பரில் நியூபரியில், போட்டியிலேயே அதிகச் சுமையைத் தூக்கிக்கொண்டு ஹெனசி கோப்பையை வென்றது. தங்கக் கோப்பையை மட்டும் மீண்டும் தொட முடியவில்லை. 2010-லும் 2011-லும் அங்கே அதற்குக் கிடைத்தது இரண்டாமிடம்தான்.