கட்டுரை கெடுவது குறிப்பு நோட்டில்

கல்லூரியில் கட்டுரையும் ஆய்வு எழுத்தும் கற்றுத்தரும் பாடத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே பயத்தோடு வருகிறார்கள். "சார், எனக்கு எழுத வராது" என்பதுதான் முதல் பேச்சு. எழுத வராதவர்களை எப்படியும் தேற்றிவிடலாம். பருவத்தின் கடைசியில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் போய் நிற்பவர்கள் அவர்கள் இல்லை. ஓரளவு நன்றாகவே எழுதக்கூடிய, யாரையும் ஏமாற்றும் எண்ணமே இல்லாத பிள்ளைகளைத்தான் நான் அங்கே அதிகம் பார்க்கிறேன்.

"இந்தப் பத்தி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் உண்மையாகவே திகைத்துப் போவார்கள். நான் எழுதியதுதான் என்பார்கள். சரி, குறிப்புகளைக் காட்டுங்கள் என்றால் விஷயம் வெளியே வந்துவிடும். என்றோ ஓர் ஆய்விதழிலிருந்து நான்கு வரியை அப்படியே வெட்டி ஒட்டியிருப்பார்கள். மேற்கோள் குறி கிடையாது, பக்க எண் கிடையாது. அதற்குக் கீழேயே அவர்களுடைய சொந்த யோசனை. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடுகூட இருக்காது. சில வாரம் கழித்து எழுத உட்காரும்போது எது தன் வாக்கியம், எது அடுத்தவர் வாக்கியம் என்று அவர்களுக்கே தெரியாது. விதிமுறைகளில் கருத்துத் திருட்டு என்று இருக்கிறதே, அது பல நேரம் இப்படித்தான் நடக்கிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்பது தண்டனையைக் குறைக்கலாம். குற்றமே இல்லை என்று ஆக்கிவிடாது.

அதனால் முதலில் நான் கட்டுரை எழுதச் சொல்வதில்லை, குறிப்பெடுக்கத்தான் சொல்கிறேன். அப்படியே எடுத்த வரி என்றால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும். தன் நடையில் சுருக்கியது என்றால் பக்க எண் மட்டும். தனக்கே தோன்றியது என்றால் வேறு நிறத்தில். அவ்வளவுதான். சின்னப் பிள்ளை வேலை மாதிரி இருக்கிறது என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

தன் நடையில் சொல்வதிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. உதாரணத்துக்கு நானே ஒரு வாக்கியத்தை உருவாக்குகிறேன்: "மாணவர்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்பதைவிட, தினமும் ஒரே நேரத்தில் தூங்குகிறார்களா என்பதே அவர்களுடைய கவனத்தைத் தீர்மானிக்கிறது." இதை மாணவர் இப்படி மாற்றுவார்: "மாணவர்கள் எவ்வளவு நேரம் உறங்குகிறார்கள் என்பதைக் காட்டிலும், நாள்தோறும் ஒரே வேளையில் உறங்குகிறார்களா என்பதே அவர்களின் கவனத்தை நிர்ணயிக்கிறது." தூக்கம் உறக்கமாகிவிட்டது, தினமும் நாள்தோறும் ஆகிவிட்டது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. இதுவும் திருட்டுக் கணக்கில்தான் வரும். மூலத்தை மூடிவைத்துவிட்டு, படிக்காத நண்பருக்குச் சொல்வதுபோல் எழுதிப் பாருங்கள்: "எவ்வளவு நேரம் தூங்கினாலும், படுக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறினால் கவனம் நிற்காது என்பது இந்த ஆசிரியரின் வாதம்." இப்போது சொற்கள் உங்களுடையவை. கருத்து அவருடையதுதான், ஆகவே பெயரும் ஆண்டும் கட்டாயம் வேண்டும்.

கட்டுரையை மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிடின் போன்ற மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பற்றி மாணவர்களிடையே ஒரு வதந்தி உலவுகிறது: இத்தனைக்குக் கீழே வந்தால் தப்பித்துவிடலாம். அந்த எண் திருட்டை அளப்பதில்லை. ஏற்கெனவே உள்ள எழுத்தோடு உங்கள் எழுத்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத்தான் அளக்கிறது. முறையாக மேற்கோள் காட்டிய கட்டுரைக்கு அது கூடுதலாக வரலாம், துணைநூற்பட்டியலே அதை ஏற்றிவிடும். நான்கே சதவீதம் வந்த கட்டுரையில் அந்த நான்கும் ஒரே பத்தியாக, களவாடியதாக இருக்கலாம். எண்ணைக் குறைப்பதற்காக ஒத்த சொற்களைத் தேடி மாற்றுவதில் ஓர் இரவைச் செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த நேரத்தில் மூலத்தையே ஒருமுறை ஒழுங்காகப் படித்திருக்கலாம்.

ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளையும் முழுதாக நம்ப முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று தன்னுடைய கண்டறியும் கருவியை 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. யாராவது உங்கள் மேல் தவறாகச் சந்தேகப்பட்டால் கைகொடுப்பது வரைவுகளும் குறிப்புகளும்தான். ஆகவே பழைய வரைவுகளை அழிக்காதீர்கள்.

அடுத்தது, படிக்காததை மேற்கோள் காட்டுவது. இது மாணவர்களின் நோய் மட்டுமில்லை, பேராசிரியர்களுக்கும் உண்டு. பசலைக்கீரையில் இரும்புச்சத்து ஏராளம் என்ற நம்பிக்கை, தசமப்புள்ளியை இடம் மாற்றிப் போட்டதால் வந்தது என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். 1981-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை ஒன்று அந்தக் கதையைச் சொன்னது, ஆதாரம் தரவில்லை. அதை நம்பி அடுத்தவர், அவரை நம்பி இன்னொருவர். தசமப்புள்ளிக் கதையே ஆதாரமில்லாதது என்பதையும், மூலத்தைப் பார்க்காமல் அது எப்படிக் கைமாறிக்கொண்டே வந்தது என்பதையும் 2014-ல் ஓலே பியோர்ன் ரெக்டால் என்ற நார்வே ஆய்வாளர் விரிவாக எழுதினார். வேடிக்கை என்னவென்றால், கவனக்குறைவு கூடாது என்று அறிவுரை சொல்வதற்குத்தான் பலரும் அந்தக் கதையை எடுத்தாண்டிருக்கிறார்கள்.

இதைவிடக் கூத்து, இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டியது. மேற்கோளை எப்படி எழுதுவது என்று காட்ட ஒரு பெரிய பதிப்பகம் தன் வழிகாட்டியில் ஒரு கற்பனைக் கட்டுரையின் விவரத்தைப் போட்டிருந்தது. அது ஏறத்தாழ 400 ஆய்வுக் கட்டுரைகளின் துணைநூற்பட்டியல்களில் நிஜக் கட்டுரை மாதிரி இடம்பிடித்துவிட்டது. படிவத்திலேயே கிடந்த அந்த மாதிரி வரியை நீக்க மறந்தவர்கள் பலர். யாரும் அதைத் தேடிப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

ஏஐ வந்தபிறகு இந்த நோய்க்குச் சிறகு முளைத்துவிட்டது. கேட்டால் ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், பக்க எண் எல்லாம் அச்சுப்பிசகாமல் தரும், கட்டுரை மட்டும் உலகத்தில் இருக்காது. 2023-ல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நிஜ வழக்குகள் என்று மனுவில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. சரிபார்க்க அதிக நேரம் ஆகாது. பெரும்பாலான ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு 10 என்று தொடங்கும் டிஓஐ எண் இருக்கும், அந்தக் கட்டுரைக்கென்றே தரப்படும் அடையாள எண் அது. அதைத் தேடினால் கட்டுரையின் பக்கமே திறக்க வேண்டும். திறக்காவிட்டாலோ, வேறொரு கட்டுரை வந்தாலோ உஷாராகுங்கள். திறந்தாலும், நம்பத்தகாதது என்று அந்தக் கட்டுரையை இதழே பின்னால் திரும்பப் பெற்றுவிட்டதா என்று பாருங்கள். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்த 1998-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரை 2010-ல்தான் திரும்பப் பெறப்பட்டது. இடையில் எத்தனை பேர் அதை நம்பினார்கள் என்று தெரியும்தானே. ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருளில் மூலங்களைச் சேர்த்து வைத்தால், திரும்பப் பெறப்பட்டவற்றைப் பற்றி அதுவே எச்சரிக்கும். ஏபிஏ, எம்எல்ஏ என்ற மேற்கோள் முறைகளில் எங்கே காற்புள்ளி வைப்பது என்ற சண்டைகளையும் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

இதெல்லாம் தெரியாமல் ஏற்கெனவே வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன், நாளைக்குச் சமர்ப்பிக்க வேண்டும் என்கிறீர்களா? சந்தேகம் வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். மூலம் கிடைத்தால் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் அந்த வாக்கியத்தைத் தூக்கிவிடுங்கள். கட்டுரை ஒரு பக்கம் குறைந்தால் குறையட்டும். அப்படியும் முடியாது என்று தோன்றினால் ஆசிரியரிடம் கூடுதலாக இரண்டு நாள் கேளுங்கள், ஆனால் சமர்ப்பிப்பதற்கு முன்னால் கேளுங்கள்.