நிரம்பாத கிணறும் வேகாத பருப்பும்

திசையன்விளைப் பக்கம் இருக்கும் எங்கள் சித்தி வீட்டில் பருப்பு லேசில் வேகாது. "போர் தண்ணியில போட்டா கல்லு மாரி கெடக்கும். மழைத்தண்ணின்னா ரெண்டு விசிலுக்குக் கொழஞ்சிரும்லா" என்பார். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையடித்ததுபோல ஒரு படிவு. அந்தப் படிவுக்கும் பக்கத்து ஊரான ஆயன்குளத்து 'அதிசயக் கிணற்று'க்கும் சம்பந்தம் உண்டு என்றால் சித்தி சிரிப்பார்.

2021 கடைசியில் பெய்த மழையில் குளம் பெருக, உபரித் தண்ணீரை அந்தக் கிணற்றுக்குள் திருப்பிவிட்டார்கள். அருவி மாதிரி நாள்கணக்கில் கொட்டியும் கிணறு நிரம்பவில்லை. செல்போனும் கையுமாகக் கூட்டம் கூடியது. அப்புறம் சென்னை ஐஐடி குழு வந்து ஆராய்ந்தது. அடியில் சுண்ணாம்புப் பாறை, அதற்குள் குகைபோன்ற நீர்ப்பாதைகள் என்று தெரிந்தது.

பாதை போட்டது மழைதான். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீருக்கு மெல்லிய புளிப்பு உண்டு. சோடாவில் நாக்கைச் சுண்டும் அதே அமிலம், மிகக் கொஞ்சமாக. அது சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளை அரிக்கிறது. மயிரிழை வெடிப்பு ஆயிரமாயிரம் ஆண்டுகளில் பொந்தாகிவிடுகிறது. கரைந்த சுண்ணாம்பு போர் வழியே அடுக்களைக்கு வருகிறது. கொதித்ததும் வாயு வெளியேற, சுண்ணாம்பு மறுபடி கல்லாகிப் பானையில் படிகிறது. தண்ணீரில் தங்கும் கால்சியம் பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இறுக்குகிறது. பிறகு எங்கே வேகும்?

ஆயன்குளத்தைப் பார்த்துவிட்டு ஊருக்கு ஊர் கிணற்றில் வெள்ளத்தைத் திருப்பினால் பலிக்காது. திருநெல்வேலிச் சீமையில் பெரும்பகுதி கடும்பாறை. அங்கே நீர் நிற்பது மேலே மக்கிய பாறையிலும் வெடிப்புகளிலும் மட்டும். ஊற்றினாலும் மெல்லத்தான் உறிஞ்சும். தேரி வேறு ரகம். காற்று கொண்டுவந்து குவித்த அந்தச் சிவப்பு மணல், விழுகிற மழையை ஓடவிடாமல் குடித்துவிடும். மேலே கால் சுடும். கொஞ்சம் தோண்டினால் விரலில் ஈரம் ஒட்டும். பனை அங்கே பிழைப்பது அதனால்தான்.

கடலை ஒட்டிய தோட்டங்களில் கணக்கே வேறு. நல்ல தண்ணீர் லிட்டருக்கு 1,000 கிராம் என்றால் கடல்நீர் சுமார் 1,025 கிராம். அதனால் நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பை அண்டவிடாது. மோட்டார் போட்டு அந்த 1 மீட்டரை இறைத்துத் தீர்த்தால், நாளடைவில் உப்பு அந்த 40 மீட்டரையும் பிடித்துவிடும். "இன்னும் நூறு அடி இறக்கிப் பார்ப்போம்" என்பது அங்கே காசு கொடுத்து உப்பு வாங்குகிற வேலை.

ஆயன்குளத்துக் கிணற்றைப் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. மணல் தண்ணீரை வடிகட்டி இறக்கும், பொந்து வடிகட்டாது. சாணமும் உரமும் பிளாஸ்டிக்கும் போன வேகத்தில் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் சேரலாம். வண்டலும் போய் வழியை அடைக்கும். அதனால் முதல் வெள்ளத்தைத் தள்ளிவிட்டு, குளத்தில் கலங்கல் தெளிந்தபின் மேல்தண்ணீரைக் கல்லும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாக உள்ளே விடவேண்டும்.