குற்ற வழக்கில் இலவச வழக்கறிஞர்: யாருக்கு உரிமை, எப்படிப் பெறுவது, என்ன எதிர்பார்க்கலாம்

குடும்பத்தில் ஒருவர் கைது செய்யப்பட்டார் என்ற செய்தி வந்ததும், வீட்டில் இருப்பவர்கள் யாரோ சொன்ன ஒரு வழக்கறிஞரைத் தேடிப் போவதும், கட்டணத்துக்காக நகையை அடகு வைப்பதும் வழக்கமாக நடப்பவை. வசதி உள்ளவர்கள் தங்களுக்கு நம்பிக்கையானவரை அமர்த்திக்கொள்வதில் தவறில்லை. அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு, கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவரைக் கொண்டு வாதிடவும் உரிமை தருகிறது. ஆனால் வசதி இல்லாதவர்களுக்கும் அதே பாதுகாப்பைத் தரும் கடமை அரசுக்கு இருக்கிறது என்பதையும், அது சலுகை அல்ல, கேட்டுப் பெற வேண்டிய உரிமை என்பதையும் பலர் காலம் கடந்தே அறிகிறார்கள்.

இந்த உரிமையின் வேர் அரசியலமைப்பில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 39-அ பிரிவு, ஏழ்மையின் காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படாதபடி இலவச சட்ட உதவி வழங்க அரசுக்கு வழிகாட்டுகிறது. பீகார் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் தொடர்பான ஹுசைனாரா காத்தூன் வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞரை அமர்த்த இயலாதவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தராமல் நடத்தும் விசாரணை, உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21ஆவது பிரிவு கோரும் நியாயமான நடைமுறை ஆகாது என்று தீர்ப்பளித்தது. 1986இல் சுக் தாஸ் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்று, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தாமாகக் கேட்கவில்லை என்பதற்காக இந்த உதவியை மறுக்க முடியாது என்று கூறி, வழக்கறிஞர் இன்றி விதிக்கப்பட்ட தண்டனையை ரத்து செய்தது. தம் உரிமையை அறியாதவர் எப்படிக் கேட்பார் என்ற எளிய நியாயம் அந்தத் தீர்ப்பின் அடியில் இருக்கிறது.

இந்த உரிமையை நடைமுறைப்படுத்தும் சட்டம், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். அது 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. தேசிய ஆணைக்குழு, மாநில ஆணைக்குழு, மாவட்ட ஆணைக்குழு, வட்டக் குழு என்று அதன் அமைப்பு நீதிமன்ற வளாகம் வரை இறங்கி வருகிறது. சட்டத்தின் 12ஆவது பிரிவு தகுதியுள்ளவர்களைக் குறிப்பிடுகிறது: பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், ஆள்கடத்தலாலும் கொத்தடிமை முறையாலும் பாதிக்கப்பட்டவர்கள், தொழில்துறைத் தொழிலாளர்கள், பேரிடராலோ சாதிக் கொடுமையாலோ பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமான வரம்பு இன்றியே தகுதி பெறுகிறார்கள். மற்றவர்களுக்கு மட்டுமே, அந்தந்த மாநிலம் நிர்ணயித்த ஆண்டு வருமான வரம்பு பொருந்தும். குற்ற வழக்குகளைப் பொறுத்தவரை இதில் முக்கியமானது ‘காவலில் இருப்பவர்’ என்ற வகை. நிலம் இருக்கிறதா, மகன் சம்பாதிக்கிறானா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. சிறையில் இருப்பதே தகுதி.

எந்தக் கட்டத்தில் கேட்பது என்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் வாய்ப்பை இழக்கின்றன. காவல் நிலையத்தில் விசாரிக்கப்படும்போதே, விசாரணை முழுவதும் இல்லாவிட்டாலும் அதன் இடையிலாவது, தம் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38ஆவது பிரிவு தருகிறது. கைதுக்கான காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டும். கைது பற்றி உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே, வழக்கறிஞர் இருக்கிறாரா, இல்லையென்றால் அரசு செலவில் ஒருவரை நியமிக்கலாமா என்று கேட்பது மாஜிஸ்திரேட்டின் கடமை என்பதை 2012இல் கசாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. கேட்கப்படாவிட்டால், கைதானவர் தாமே வாய் திறந்து ‘எனக்கு வழக்கறிஞர் இல்லை, சட்ட உதவி வேண்டும்’ என்று சொல்லலாம். காவலில் வைக்கும் ரிமாண்ட் உத்தரவை எதிர்ப்பதும், பிணை கேட்பதும், உடலில் காயம் இருந்தால் அதைப் பதிவு செய்யவைப்பதும் இந்த முதல் நாளில் நடக்க வேண்டியவை என்பதால், வழக்கறிஞர் இல்லாமல் போகும் முதல் நாள், பின்னர் எவ்வளவு செலவழித்தாலும் முழுமையாக ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றே கருதுகிறேன்.

வெளியில் இருக்கும் குடும்பத்தினர் விண்ணப்பிப்பதும் எளிது. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட ஆணைக்குழு அல்லது வட்டக் குழு அலுவலகத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அங்குள்ளவர்கள் எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற இலவச உதவி எண்ணிலும் கேட்கலாம். சிறைக்குள் இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும், சிறையில் செயல்படும் சட்ட உதவி மையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தின் மீது 7 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. வழக்கறிஞர் கட்டணம் மட்டுமின்றி நீதிமன்றக் கட்டணம், சான்றிட்ட நகல்கள், ஆவணங்களை மொழிபெயர்க்கும் செலவு ஆகியவையும் இந்த உதவியில் அடங்கும்.

யார் வருவார்கள் என்ற தயக்கம் இயல்பானது. இலவசமாக வருபவர் அக்கறை காட்டமாட்டார், ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேறொருவர் வந்து நிற்பார் என்ற குறை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டது. அதில் உண்மையும் இருந்தது. ஆணைக்குழுவின் பட்டியலில் இருந்து, தங்கள் பிற வழக்குகளோடு இதையும் சேர்த்துக் கவனித்த வழக்கறிஞர்களுக்குச் சட்ட உதவி வழக்கு இரண்டாம் இடத்தில் இருந்தது. இதற்கு மாற்றாகவே 2022 முதல், சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர்கள் என்ற முழுநேர அமைப்பு மாவட்டங்களில் ஏற்படுத்தப்பட்டு வருகிறது. குற்ற வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் உள்ள தலைமை வழக்கறிஞர், 7 ஆண்டு அனுபவம் உள்ள துணை வழக்கறிஞர்கள், இளம் உதவி வழக்கறிஞர்கள் என்று ஓர் அலுவலகமாக இவர்கள் இயங்குகிறார்கள். தனியார் வழக்குகளை இவர்கள் எடுக்கக்கூடாது. ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ விதிக்கப்படக்கூடிய வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் உள்ளவரையே நியமிக்கவும், தயாராவதற்குப் பொதுவாகக் குறைந்தது 7 நாட்கள் தரவும் 2019இல் அனோகிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

நியமிக்கப்பட்டவரிடம் கட்சிக்காரர், அதாவது அவர் யாருக்காக வாதிடுகிறாரோ அவர், எதை எதிர்பார்க்கலாம் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது. பணம் கொடுத்து அமர்த்திய வழக்கறிஞருக்கு உள்ள எல்லாக் கடமைகளும் இவருக்கும் உண்டு: கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது, அடுத்த வாய்தா எப்போது, அன்று என்ன நடக்கப்போகிறது என்பதைத் தெரிவிக்க வேண்டும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் முன் கட்சிக்காரரிடம் பேச வேண்டும். குற்றப்பத்திரிகை, முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஆகியவற்றின் நகல்கள் எதிரிக்கு இலவசமாகத் தரப்பட வேண்டியவை. அவற்றைத் தம்மோடு சேர்ந்து படிக்கும்படி வழக்கறிஞரைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சம்பவ இடத்தையும் மனிதர்களையும் அறிந்தவர் கட்சிக்காரர்தான் என்பதால், வழக்கறிஞரின் கண்ணுக்குத் தப்பும் முரண்பாடு அவர் கண்ணில் படக்கூடும்.

சட்ட உதவி வழக்கறிஞர் எந்தப் பெயரிலும் பணம் கேட்கக்கூடாது. கேட்டாலோ, தொடர்ந்து வராமல் இருந்தாலோ, மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்துமூலம் முறையிட்டு வேறொருவரைக் கோரலாம். ஒழுங்கீனம் பற்றிய புகாரை, தனியார் வழக்கறிஞரானாலும் சட்ட உதவி வழக்கறிஞரானாலும், வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் மாநில பார் கவுன்சிலுக்கு அனுப்பலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதில் பயனில்லை. வழக்கறிஞரின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: விடுதலை உறுதி என்று வாக்களிப்பவரையும், வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுபவரையும் நம்ப வேண்டாம். பின்னதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன.

பிணை கிடைத்த பின்னும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் சிறையில் தங்குபவர்கள் உண்டு. பிணை உத்தரவு வந்து 7 நாட்களில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. செயலாளர் ஒரு தன்னார்வலரையோ சிறைக்கு வரும் வழக்கறிஞரையோ அனுப்பி விடுதலைக்கு உதவலாம். குடும்பத்தினர் இந்த உத்தரவைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

தண்டனை விதிக்கப்பட்டாலும் உரிமை முடிவதில்லை. தீர்ப்பின் நகல் எதிரிக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். மேல்முறையீட்டுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. மரண தண்டனை அல்லாத தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல 60 நாட்களும், அமர்வு நீதிமன்றத்துக்குச் செல்ல 30 நாட்களும் அவகாசம் என்பதால், தீர்ப்பு வந்த வாரத்திலேயே சிறையிலிருந்தோ வெளியிலிருந்தோ விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும்.